ஏழே முக்காலுக்குப் போட்ட டிக்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மனிதப்பிறவி செய்யக்கூடிய உத்தமமான காரியம், போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்வதுதான். சின்னுவுக்கு அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா வந்து இறங்கிவிட்டாள். கையில் உறை போட்ட ஆண்டறிக்கை, முகத்தில் இன்றைக்கு ஒரு வேலையை முடித்தே தீருவது என்ற களை.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

சின்னுவுக்கு இருபத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஆறு வருஷமாக இளைஞர் மன்றத்தில் இருக்கிறாள். இரண்டு வருஷமாகச் செயலாளர். தலைவர் வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன். பெயர்தான் இளைஞர் மன்றம். தலைவருக்கு முன்நெற்றி பின்வாங்க ஆரம்பித்து வெகுநாளாகிறது.

பூங்காவைக் கூட்டுவது, எரியாத தெருவிளக்குக்குப் புகார் எழுதுவது என்று மன்றத்துக்கு ஆயிரம் வேலை உண்டு. ஆனால் உயிரான வேலை ஒன்றுதான். தனியாக இருக்கும் வயதானவர்களைத் தினமும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். முப்பது உறுப்பினர்கள், ஆளுக்கு எட்டுப் பேர். குரலைக் காதால் கேட்ட பிறகுதான் பெயருக்கு நேரே டிக். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இந்த விதியை எழுதினவளே அக்காதான். அது கல்யாணத்துக்கு முந்தைய கதை.

மாமா தலைவரான பிறகு விதிக்கு வால் முளைத்தது. டிக் எட்டு மணிக்குள் போன் குழுவில் விழவில்லையென்றால், ஹாலில் தொங்கும் பலகையில் உறுப்பினர் பெயர் சிவப்பு மையில் ஏறும். "முதல்ல டிக்கைப் போட்டுடுங்க, அப்புறம் நிதானமாக் கூப்பிடுங்க" என்று அவரே சொல்லிக்கொடுத்தார். நகர சபையில் இளைஞர் ஆலோசகர் என்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்குப் போகிற வழியில் ஒரு டிக்கூட விடுபடக் கூடாது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, சின்னுவும் அப்படித்தான் செய்தாள். கடையில் சீக்கிரம் திறக்க வேண்டிய நாள். ஏழே முக்காலுக்கு எட்டு டிக்கையும் மொத்தமாகப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஏழு பேரோடு பேசினாள். எட்டாவது ஆளைக் கூப்பிடுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அதோடு மறந்தே போனாள்.

அந்த எட்டாவது ஆள், ஓய்வுபெற்ற நீச்சல் கோச். ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையேற்றியவர். அன்றைக்குக் காலை ஏழரைக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, சாயங்காலம் ஐந்து மணிவரை ஈரத்தரையிலேயே கிடந்தார். கடையைப் பூட்டும்போது சின்னுவுக்குச் சுருக்கென்று நினைவு வந்து, ஓடிப்போய்க் கதவைத் தட்டி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்துத் திறந்தாள்.

மாமாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மன்றத்தின் பெரிய நோட்டைத் திறந்து பார்த்தால், கோச் பெயருக்கு நேரே அவர் கையெழுத்தில் இருந்தது: ஏழே முக்கால், பேசினார், நலம். திருத்தச் சொல்லித் தனியாக மூன்று தடவை கேட்டும் அவர் அசையவில்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கும் போய், "நீங்க அன்னைக்குப் பேசினீங்க சார், நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கீங்க" என்று கோச்சிடமே சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பலன் நேற்று சின்னுவின் கடைக்கே நடந்து வந்தது. கோச்சின் அண்ணன் மகன், விழுந்ததில் நெளிந்துபோன அவருடைய கண்ணாடியைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்தான். "சித்தப்பாவுக்குப் போன்ல பேசினதே ஞாபகம் இல்லீங்க. விழுந்த நேரத்தையும் தப்பாச் சொல்றாரு. டாக்டர் மறதியா இருக்கும்ங்கறாரு. இனிமே தனியா விடறதுக்கில்ல. முதியோர் இல்லத்துல இடம் பார்த்துட்டோம்" என்றான்.

இப்போது எல்லோருக்கும் கதை தெரியும். டீயும் ஆறியிருக்காது.

அக்கா அறிக்கையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மேஜையின் மறுபாதியில் அம்மாவின் தையல் மெஷினும், பொத்தான் வைக்க வேண்டிய ஏழெட்டுச் சட்டைகளும் இருந்தன. அவற்றை நகர்த்த அக்காவுக்குப் பொறுமை இல்லை.

"பதினொரு மணிக்குக் கூட்டம். செயலாளர் கையெழுத்து கடைசிப் பக்கத்துல. இப்பவே போட்டுக் குடுத்துடு, அங்க வந்து பேனா தேடிட்டிருக்காதே."

சின்னு கடைசிப் பக்கத்தைப் படித்தாள். 'இந்த ஆண்டில் ஒருநாள்கூட, ஒருவர்கூட விடுபடவில்லை.' நல்ல தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"நான் போடமாட்டேன், அக்கா."

"ஏன், பேனா எழுதலையா?"

"விளையாடல. நான் மன்றத்துல இருந்தே விலகறேன். லெட்டர் எழுதி வச்சிருக்கேன்."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சின்னு ஒன்று விடாமல் சொன்னாள். டிக்கைப் பற்றி, நோட்டில் ஏறின வரியைப் பற்றி, இல்லத்தில் பார்த்த இடத்தைப் பற்றி. பாதியிலேயே அக்காவின் முகம் வெளுத்துப்போனது. சின்னு அதைக் கோபம் என்று நினைத்தாள்.

"அவரு நாலு வருஷமா நாயா அலைஞ்சு இதை வளர்த்திருக்காரு. தப்பு செஞ்சது நீ. உன்னைக் காப்பாத்தத்தானே அப்படி எழுதினாரு? அதுக்குக் கைமாறு, முப்பது பேர் முன்னாடி அவர் மானத்தை வாங்கறதா?"

"தப்பு என்னோடதுதான். அதையும்தான் சொல்லப் போறேன்."

"அவர் சும்மா விடுவாருன்னு நினைக்கிறியா? நான்தான் சும்மா விடுவேனா?" அக்கா அறிக்கையை எடுத்து மறுபடி உறைக்குள் தள்ளினாள். ஒரு தடவையில் உள்ளே போகவில்லை. "நீ செய்யறதைச் செய், சின்னு. ஆனா அதுக்கப்புறம் எனக்குத் தங்கச்சி இல்ல. கூடப் பிறந்தவ ஒருத்தி இருந்தா, போயிட்டான்னு வச்சுக்கறேன்."

இது அக்கா. சின்னுவுக்கு ஜுரம் வந்தால் தானும் சாப்பிடாமல் கிடந்த அக்கா. முதல் சம்பளத்தில் தனக்கு ஒன்றும் வாங்காமல் சின்னுவுக்கு மழைக்கோட்டு வாங்கி வந்த அக்கா. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிற வழக்கம் இல்லாத அக்காவும்கூட. ஒரு தடவை அத்தை மகளோடு பேச்சை நிறுத்தினவள், எட்டு வருஷமாகியும் ஆரம்பிக்கவில்லை.

அவள் படியிறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டபடி சின்னு அப்படியே நின்றாள்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்தச் சண்டை நடந்தாலும் கையில் எதையாவது கழற்றிக்கொண்டு இருப்பார். இப்போது மேஜை விசிறி. "என் உடம்புல ஓடுற ரத்தத்துல பாதி அந்தப் பசங்க குடுத்தது" என்றார் விசிறியைப் பார்த்து. "ஜாக்கி நழுவி பஸ் என் தொடையில உக்காந்த அன்னைக்கு, ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா வந்து நின்னாங்க. மாப்பிள்ளைதான் அழைச்சுட்டு வந்தாரு. அப்ப அவர் மாப்பிள்ளைகூட இல்ல."

"தெரியும்ப்பா. மறக்கல."

"மறந்துட்டேன்னு சொல்லலையே. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. சொல்லத் தெரிஞ்சவனா இருந்தா நான் ஏன் பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கேன்?"

அம்மா வாயில் பிடித்திருந்த நூலைக் கடித்து அறுத்தாள். "ஆஸ்பத்திரியில பார்வையாளர் நேரம் ஒன்பதுக்கு. போறதுன்னா முதல்ல அங்க போ. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி அந்த மனுஷனுக்குச் சொல்லு."

அம்மா பேசுவது குறைச்சல். பேசினால் அளவெடுத்து வெட்டின துணி மாதிரி இருக்கும்.

கோச் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சின்னுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா. அறுபது வருஷம் தண்ணியில இருந்தேன், ஒரு கீறல் இல்ல. ஒரு பக்கெட் தண்ணி கவுத்துடுச்சு பார்."

சின்னு கண்ணாடியை உறையிலிருந்து எடுத்தாள். நிமிர்த்தின சட்டத்தை அவர் மூக்கில் வைத்து, காதில் மாட்டுகிற கம்பி இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள். இடதுபுறம் ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. கழற்றி, விரலால் அழுத்தி, மறுபடி மாட்டினாள். கை வேலையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், கை ஓய்ந்தால் வாய் அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், அன்னைக்கு நான் உங்களைக் கூப்பிடல."

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"டிக் மட்டும் போட்டேன். போன் பண்ணல. நீங்க என்கிட்ட பேசவே இல்ல சார். பேசினீங்கன்னு நோட்டுல எழுதினது பொய். ஒழுங்காக் கூப்பிட்டிருந்தா, நீங்க எடுக்கலைன்னு எட்டரைக்குள்ள உங்க வீட்டு வாசலுக்கு வந்திருப்பேன். நீங்க அவ்வளவு நேரம் கிடந்திருக்க வேண்டாம்."

பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். கோச் கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் திட்டுவார் என்றுதான் சின்னு காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"போன் அடிக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

"ஏழரைக்கு விழுந்தேன்னு நான் சொன்னது..."

"அதுதான் சரி. உங்களுக்கு ஞாபகம் இருக்கறதுதான் சரி."

"அப்போ எனக்கு மறதி இல்லையா?"

"இல்ல சார்."

கோச் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. சின்னு பயந்துபோய் நர்ஸைக் கூப்பிடத் திரும்பினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பத்து நாளும்மா. பத்து நாளா ராப்பகலா அந்தப் போன்ல நான் என்ன பேசினேன்னு தேடிட்டிருக்கேன். கிடைக்கவே இல்ல. கை கால் போனா போகட்டும், புத்தி போயிடுச்சுன்னு நினைச்சேன். அதனாலதான் இல்லத்துல சேர்க்கறோம்னு அண்ணன் பையன் சொன்னப்ப சரின்னு தலையாட்டினேன். நானே என்னை நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

"என்னை மன்னிச்சுடுங்க சார்."

"இரு, இரு. கோபம் இனிமேதான் வரும். நாளைக்கு வரலாம், நாளான்னைக்கு வரலாம். வந்தா நல்லாத் திட்டுவேன், வாங்கிக்க வேண்டியதுதான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "சாயங்காலம் கதவை உடைச்சுக்கிட்டு வந்ததும் நீதான், காலையில விட்டதும் நீதான். ரெண்டையும் நான் எப்படிச் சேர்த்து வச்சுக்கறதுன்னு யோசிக்கணும். ஆனா இன்னைக்கு நீ எனக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கே. வீட்டுக்குப் போகப் போறேன்ம்மா. இல்லத்துக்கு இல்ல, என் வீட்டுக்கு."

சின்னுவால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அழுதாள். அதில் வெட்கம் பாதி, நிம்மதி பாதி. ஒரு மனிதருக்கு அவருடைய புத்தியைத் திருப்பிக் கொடுக்க முடிந்ததே என்று யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றியது. யாருக்கு என்று தெரியாததால் கீழே நின்ற லிப்ட்காரருக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் குழப்பமாகத் தலையாட்டினார்.

மன்றத்தின் ஹால், தபால் ஆபீஸுக்கு மேல் மாடி. பதினொன்றுக்கு முப்பது நாற்காலியும் நிறைந்திருந்தன. முன்வரிசையில் அக்கா, முதுகைத் தூண் மாதிரி நிமிர்த்திக்கொண்டு. சின்னு உள்ளே வந்தபோது திரும்பவில்லை.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் சின்னுவின் பாடு சுலபமாகியிருக்கும். அவர் அறிக்கையை நன்றாகத்தான் படித்தார். எரிய வைத்த விளக்குகள், கூட்டின பூங்காக்கள், விசாரித்த இருநூற்று நாற்பது பேர் என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பிறகு பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"செயலாளர் வந்து கையெழுத்துப் போடவும்."

சின்னு எழுந்தாள். பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் போன்னா பயம்" என்று ஆரம்பித்தாள். கடிதத்தில் இப்படி இல்லை, ஆனால் வாய் இப்படித்தான் ஆரம்பித்தது. "தெரியாதவங்க எடுத்தா வச்சுடுவேன். தலைவர்தான் பக்கத்துல உக்காந்து, 'வணக்கம், மன்றத்துல இருந்து பேசறேன், நல்லா இருக்கீங்களா'ன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. ஒரு மாசம் அதைப் பார்த்துத்தான் படிச்சேன். இன்னைக்கு இங்க நின்னு பேசறேன்னா அது இந்த மன்றம் குடுத்தது. எங்கப்பா உயிரோட இருக்காருன்னா அதுவும் நீங்க குடுத்தது. உங்கள்ல ஒன்பது பேரோட ரத்தம் எங்க வீட்டுல நடமாடுது. அதுக்கெல்லாம் நான் நன்றி சொல்லணும். முதல்ல அதைச் சொல்லிடறேன்."

யாரோ கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினார்கள்.

"கோச் சார் விழுந்த அன்னைக்கு நான் அவரைக் கூப்பிடல. டிக் மட்டும் போட்டேன். அதைத் தலைவர்கிட்ட சொன்னேன். சொன்ன பிறகும் நோட்டுல அவர் பேசினதா ஏறியிருக்கு. கோச் சார்கிட்டயும் அதையே சொல்லியிருக்காங்க. தனக்கு மறதி வந்துடுச்சுன்னு நம்பி, வீட்டை விட்டுட்டு இல்லத்துக்குப் போக அவர் சம்மதிச்சுட்டாரு. இன்னைக்குக் காலையில போய் உண்மையைச் சொல்லிட்டு வந்தேன்."

"சின்னு" என்றார் மாமா தணிந்த குரலில். "இது நம்ம வீட்டு விஷயம். வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டு விஷயமா இருந்தா வீட்டுல பேசலாம், மாமா."

"இங்க நான் மாமா இல்ல."

"சரிங்க, தலைவரே. நோட்டைத் திருத்துங்க, சிவப்பு மையை நிறுத்துங்கன்னு உங்ககிட்ட தனியா மூணு தடவை கேட்டேன். முடியாதுன்னுட்டீங்க."

அவர் முன்னால் வந்து நின்றார். கெஞ்சுகிறாரா, அதட்டுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "இருநூத்து நாற்பது பேரை நாம பார்த்துக்கறோம். அந்தப் பதவி கிடைச்சா ரெண்டாயிரம் பேரைப் பார்த்துக்கலாம். ஒரு வரி சின்னு, ஒரே ஒரு வரி. அதுக்காக எல்லாத்தையும் உடைப்பியா?"

"அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் புத்தியைச் சந்தேகப்பட்டாங்க. நமக்கு அது வரி. அவருக்கு வீடு." சின்னு கடிதத்தை மேஜையில் வைத்தாள். "இப்படி நடக்கற இடத்துல செயலாளரா என்னால இருக்க முடியாது. அதனால விலகறேன். மன்றத்துல இருந்துதான். என்னோட எட்டுப் பேர்கிட்ட இருந்து இல்ல. அவங்களை நான் கூப்பிட்டுட்டேதான் இருப்பேன், பயப்படாதீங்க."

பின்வரிசையில் ஒரு பெண், பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள், மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நானும் முதல்ல டிக்கைப் போட்டுட்டுத்தான் கூப்பிடறேன்" என்றாள். பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. அப்புறம் எண்ணுவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

"கூட்டம் முடிஞ்சது" என்றார் மாமா. அறிக்கையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

சின்னு அக்காவைப் பார்த்தாள். அக்கா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கையைச் சுவரைக் கடப்பதுபோல் கடந்து போனாள். புடவைத் தலைப்பு சின்னுவின் கையில் பட்டது. அவ்வளவுதான். சொன்ன சொல் மாறாத குடும்பம் எங்களுடையது என்று அப்பா பெருமை பேசுவது வழக்கம். இன்றைக்கு அந்தப் பெருமை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் அவரவர் கைவேலை நடந்தது. அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் வைத்து முடித்தாள். அப்பா விசிறியைச் சேர்த்து முடித்துவிட்டு, மிஞ்சின ஒரு திருகாணியை எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார். கோச்சின் அண்ணன் மகன் போன் செய்து, டாக்டர் மறுபடி பேசிப் பார்த்ததாகவும், இல்லத்தில் சொல்லி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். "முதல்ல உங்களை அடிக்கலாம்னு தோணுச்சு. அப்புறம் சித்தப்பா சிரிக்கறதைப் பார்த்தேன். தேங்க்ஸ்ங்க" என்றான். சின்னு போனை வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷத்தைச் சொல்ல வழக்கமாக யாரைக் கூப்பிடுவாளோ, அவளைக் கூப்பிட முடியவில்லை.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. மணியும் அடிக்காமல், கதவும் தட்டாமல் உள்ளே வருகிற உரிமை இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அக்கா யாரையும் பார்க்காமல் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் கட்டியிருந்த அதே புடவை. அழுத கண். அம்மா டீயை வைத்தாள். அக்கா குடிக்கவில்லை.

"இவ பண்ணது தப்புன்னு சொல்ல வந்திருந்தா..." என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விசிறியைத் தேடினார்.

"தங்கச்சி இல்லன்னு சொன்னேன்" என்றாள் அக்கா டீயைப் பார்த்து. "காலையில இருந்து அந்த வார்த்தை தொண்டையில முள்ளா நிக்குது. அதைத் திரும்ப எடுத்துக்கறேன்."

தான் வாய் திறந்தால் அக்கா நிறுத்திவிடுவாள் என்று சின்னு பயந்தாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் எட்டுப் பேர்ல பஸ்ல கண்டக்டரா இருந்த ஒரு அம்மா இருந்தாங்க. ரிட்டயர் ஆகித் தனியா இருந்தாங்க. ஒருநாள் தூங்கிட்டேன். எழுந்திருக்கும்போது மணி ஒன்பது. விதியை எழுதினவளே நான்தானே, வெளிய சொல்ல அசிங்கமா இருந்துச்சு. டிக் போட்டுட்டேன். அன்னைக்கு அவங்க அடுப்புல பாலை வச்சுட்டு மறந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து அணைச்சாங்க. 'காலையில மன்றத்துப் பொண்ணு கூப்பிடவே இல்லையே, கூப்பிட்டிருந்தா எழுந்து அடுப்பைப் பார்த்திருப்பேனே'ன்னு அவங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அப்ப நோட்டு எழுதற பொறுப்பு அவர்கிட்ட இருந்துச்சு."

"மாமாகிட்டயா?"

"அப்ப வெறும் உறுப்பினர். நான் அழுதுட்டே போய் நின்னேன். அவர் ஒண்ணுமே கேக்கல. பேனாவை எடுத்து, 'ஏழு பத்து, பேசினார், நலம்'னு எழுதினாரு. எழுதிட்டு, 'போ, நிம்மதியாத் தூங்கு'ன்னாரு."

அம்மாவின் கை மெஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அந்த நோட்டைக் காட்டினதும், கூப்பிட்டுப் பேசினதையே மறந்துட்டாங்கன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. பாலையும் மறந்தாங்க, போனையும் மறந்தாங்கன்னு. மூணு மாசத்துல இல்லத்துல கொண்டுபோய் விட்டாங்க. நான் அங்க போய்ப் பார்க்கவே இல்ல, சின்னு. ஒரு தடவைகூட." அக்கா இப்போதுதான் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "அன்னைக்கு நான் அவருக்கு நன்றி சொன்னேன். எனக்காகப் பொய் எழுதினாரே, இப்படி ஒரு மனுஷனான்னு உருகிப் போனேன். அதுக்காகத்தான் அவரைப் பிடிச்சுது. அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன். உனக்கும் அவர் அதையேதான் செஞ்சாரு. நீ நன்றி சொல்லல. நானும் அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, அவர் இப்படி ஆகியிருக்க மாட்டாரு."

சின்னு எழுந்து போய் அக்காவின் காலடியில், தரையில் உட்கார்ந்தாள். கேட்க ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"அந்த அம்மா இன்னும்..."

"இருக்காங்க." அக்காவின் குரல் உடைந்தது. "மத்தியானம் இல்லத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இருக்காங்க சின்னு. நல்லாப் பேசறாங்களாம். இன்னும் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டிருக்காங்களாம், அன்னைக்கு எனக்குப் போன் வரலைன்னு. ஏழு வருஷமா."

சின்னு அக்காவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்காவின் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது.

"நாளைக்குக் காலையில போறேன்" என்றாள் அக்கா. "நீ இன்னைக்கு அங்க எழுந்து நிக்கலைன்னா நான் சாகறவரைக்கும் போயிருக்க மாட்டேன். உனக்குத்தான்டி நான் நன்றி சொல்லணும்."

கீழே தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அணைத்த பிறகும் யாரும் படியேறும் சத்தம் கேட்கவில்லை. அப்பா ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை. வண்டியில உக்காந்தபடியே இருக்காரு. கூப்பிடட்டுமா, வேண்டாமா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மேல வரச் சொல்லுங்கப்பா" என்றாள். "அந்தம்மாகிட்ட நான் மட்டும் போனாப் போதாது. அந்த வரியை எழுதினது அவரு."